பேக்கர் நீர்வீழ்ச்சி: ஒரு பெயரின் வரலாறு

மலர்க் குழுவினர் தொலைபேசியில் கூப்பிட்டு, “சேர், கல்லூரி நாட்களைப் பற்றி ஏதாவது எழுதித் தாங்க, ஆனா ஹொஸ்டல் சாப்பாட்டைப் பற்றி வேணாம், அதை ஏற்கெனவே நாலு பேர் எழுதிட்டாங்க” என்றார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆகவே சாப்பாட்டை விட்டுவிட்டு, எங்கள் வரலாற்று ஆசிரியர் 1973இல் ஒரு நீர்வீழ்ச்சியின் முன்னால் நின்று கேட்ட கேள்வியைப் பற்றி எழுதுகிறேன். அன்று அதற்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. கட்டுரையாக எழுதிக் கொண்டு வரச் சொன்னார். அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டேன். மீதியை இப்போது எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் உயர்தர வகுப்பிலிருந்து பத்துப் பதினைந்து பேர் ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். மாவுக்கும் பாணுக்கும் தட்டுப்பாடான காலம். வழிச் சாப்பாடாக அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கட்டிக்கொண்டு, கோச்சியில் ஒஹிய நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஏறக்குறைய ஏழு மைல் மேலே நடந்தோம். குளிர் என்றால் அப்படியொரு குளிர். ‘உலக முடிவு’ என்ற பெயருள்ள, அரை மைலுக்கும் மேல் செங்குத்தாக இறங்கும் அந்த மலை விளிம்பைப் பார்ப்பதற்காகத்தான் போனோம். போய்ச் சேர்ந்தபோது மூடுபனி. உலகமும் தெரியவில்லை, முடிவும் தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது.

ஏமாற்றத்தோடு பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் திரும்பினோம். பெலிஹுல் ஓயாவின் கிளையொன்று ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்திலிருந்து கரும்பாறை மீது பல இழைகளாகப் பிரிந்து விழுகிற இடம் அது. நம் நாட்டில் இதைவிட உயரமான அருவிகள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் சுற்றிலும் மரப் பன்னங்களும், சிவப்பாகப் பூக்கிற ரொடொடென்ட்ரன் மரங்களும், பாறையில் ஒட்டிய பாசியுமாக, அந்தக் குளிரில், அந்த உயரத்தில் பார்க்கும்போது அதற்கென்று ஒரு அழகு உண்டு. காட்டுப் பாதையில் அருவி கண்ணில் படுவதற்கு வெகு முன்னாலேயே இரைச்சல் கேட்கும். கேட்டதும் எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் நின்றுவிட்டான். “இதுதான்டா, சத்தம் கேக்குற எடம்” என்றான்.

“எது?”

“எங்க வீட்ல அப்படித்தான் சொல்லுவாங்க.”

அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கீழே இறங்கியதும் நாலு பேர் சட்டையைக் கழற்றத் தொடங்கினார்கள், குளிக்க. ஆசிரியர் போட்ட அதட்டலில் எல்லாரும் திரும்பவும் சட்டையை மாட்டிக்கொண்டார்கள். அவர் யாழ்ப்பாணத்தவர். மலைநாட்டில் வந்து பல வருஷம் படிப்பித்தும் பேச்சு மாறவில்லை. அங்கிருந்த பெயர்ப் பலகையைக் காட்டிக் கேட்டார்: “உந்தப் பேக்கர் எண்டவர் ஆர்? சொல்லுங்கோ பாப்பம்.”

ஒருவன் பின்னாலிருந்து, “பேக்கரி வச்சிருந்தவரா இருக்கும் சேர்” என்றான். பாண் வரிசையில் நின்று களைத்த காலமல்லவா, எல்லாரும் சிரித்தோம். ஆசிரியரும் சிரித்தார். பிறகு, “சரி, அவர் வர முந்தி இதுக்கு என்ன பேர்? அதையும் சொல்லுங்கோ” என்றார். அதற்குத்தான் பதில் இல்லை.

அப்போது அந்த நண்பன் மெதுவாகச் சொன்னான். அவனுடைய தாத்தா ஒஹியப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்தவர். துரை வேட்டைக்குச் சமவெளிக்கு ஏறும்போதெல்லாம் லயத்திலிருந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவார்களாம். ஆளுக்கு ஒரு பெட்டி அல்லது கம்பளி மூட்டை. திரும்பும்போது இறைச்சி. அந்தப் பாதையெல்லாம் தாத்தாவுக்கு மனப்பாடம். ஆனால் அருவியை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. “பாரத்த எறக்கி வைக்க விட்டாத்தானே சேர் போய்ப் பாக்க. சத்தத்தக் கேட்டுக்கிட்டே போயிருவாங்களாம்.”

ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ரெண்டையும் எழுதிக் கொண்டு வாங்கோ. பேக்கரைப் பற்றியும், இவன்ரை தாத்தாவைப் பற்றியும்” என்றார்.

பேக்கரைப் பற்றி எழுதுமுன் அந்தச் சமவெளியின் பெயரைச் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு வெள்ளைக்காரப் பெயர்தான். சிங்களத்தில் அது மகா எலிய தென்ன, பெரிய வெளி. 1834இல் பிஷர், வொட்சன் என்ற இரண்டு ஆங்கிலப் படை அதிகாரிகள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த சேர் ரொபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவர் பிறந்தபோது வெறும் வில்மட்தான். மனைவியின் தகப்பனார் இறந்தபின், அவருடைய உயிலின்படி 1823இல் ஹோட்டன் என்பதைச் சேர்த்துக்கொண்டார். ஆக நம்முடைய பெரிய வெளி இன்று தாங்கி நிற்பது ஆளுநருடைய பரம்பரைப் பெயரைக்கூட அல்ல, அவருடைய மாமனார் வீட்டுப் பெயரை! அந்த மனைவியும் சாதாரணப் பெண்மணி அல்லர். அவருடைய கணவருக்கு ஒன்றுவிட்ட உறவினரான கவிஞர் பைரன், 1814இல் ஒரு விருந்தில் அவரைக் கறுப்பு உடையில் கண்டு எழுதிய கவிதையை ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் அறிவார்கள்.

அதே ஆளுநர் காலத்தில்தான், 1832இல், இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. குடிமக்களைக் கட்டாய வேலை வாங்கும் பழைய வழக்கம் போயிற்று. அது நல்ல காரியமே. ஆனால் அடுத்து வந்த கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. கிராமத்துச் சிங்கள மக்கள் தங்கள் வயலை விட்டுத் தோட்டக் கூலிக்கு வர மனம் கொள்ளவில்லை. தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோரைக் கொண்டுவந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த அந்தப் பயணத்தில் காய்ச்சலிலும் கொள்ளை நோயிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். இதையெல்லாம் நம் கல்லூரியில் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள்.

இனிப் பேக்கர். சாமுவேல் வைட் பேக்கர் 1821இல் லண்டனில் பிறந்தவர். பணக்காரக் குடும்பம். இலங்கைக்கு 1846இல் வந்தார், யானை வேட்டைக்காக. கீழ்நாட்டில் காய்ச்சல் பிடித்து, உடம்பு தேற நுவரெலியாவுக்கு வந்தவருக்கு அந்த இடம் பிடித்துப்போய், அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நடுவது என்று தீர்மானித்தார். 1848இல் இங்கிலாந்திலிருந்து குடியேற்றக்காரர்களையும், நல்ல சாதி மாடுகளையும், வேட்டை நாய்களையும், குதிரை வண்டியையும் கப்பலில் ஏற்றி அனுப்பினார். இந்தப் பரிவாரம் நுவரெலியாவுக்கு ஏறின கதையை அவரே எழுதியிருக்கிறார். குதிரைக்காரன் குடித்துவிட்டு றம்பொடைக் கணவாயில் வண்டியைக் கவிழ்த்துவிட்டான். அதை மீட்க அனுப்பிய யானையை அதே ஆள் ஓட்டு ஓட்டென்று ஓட்டி, அந்த யானையும் செத்துப்போயிற்று. அந்த மலை வளைவுகளில் பஸ்ஸில் போய்வந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

ஆனாலும் மனுஷன் விடவில்லை. 1855 வரை நுவரெலியாவில் இருந்து விவசாயம் செய்தார். பிள்ளைகளையும் பறிகொடுத்தார், நாட்டை விட்டுப் போன அதே வருஷக் கடைசியில் மனைவியும் இறந்தார். இலங்கையைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று 1854இல், மற்றது 1855இல் வந்தது. முதலாவது முழுக்க வேட்டைதான். ஹோட்டன் சமவெளியில் கூடாரம் போட்டுத் தங்கி, நாய்க் கூட்டத்தை விட்டு மரைகளைத் துரத்துவார். மரையை அவர் ‘எல்க்’ என்றே எழுதுவார். அந்தத் தவறான பெயர் ‘எல்க் பிளேன்ஸ்’ என்று நுவரெலியாப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. துரத்தப்பட்ட மரை களைத்துப்போய் ஆற்று மடுவில் இறங்கித் திரும்பி நிற்கும். துப்பாக்கியைத் தொடாமல், கத்தியோடு போய்க் குத்துவது அவருக்குப் பெருமை. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, அருவிக்கடியில் கிடக்கிற அந்தக் கறுத்த மடுவை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

வழிகாட்டி நூல்கள் பலவற்றில் இந்த அருவியைப் பேக்கர் ‘கண்டுபிடித்தார்’ என்று இருக்கும். இந்தச் சொல்லைத்தான் எங்கள் ஆசிரியர் அன்றைக்கு விடாமல் நோண்டினார். “காணாமல் போனதைத்தானே கண்டுபிடிக்கிறது? இது எங்கை காணாமல் போனது?” என்பார். பேக்கருடைய நூலே அவர் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. நுவரெலியா வெளியில் பழைய இரத்தினக் குழிகளைக் கண்டதாக அவர் எழுதியிருக்கிறார். அவருக்கு வெகு காலம் முன்னமே அந்தக் குளிரில் மனிதர்கள் மண்ணைத் தோண்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பிந்திய ஆராய்ச்சியோ இன்னும் பின்னுக்குப் போகிறது. ஹோட்டன் சமவெளியின் சேற்று மண்ணில் அடுக்கடுக்காகப் படிந்த மகரந்தத் தூளை ஆராய்ந்தவர்கள், பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே அங்கே மனிதர் புல்லுக்குத் தீ வைத்து, கால்நடை மேய்த்து, தானியம் வளர்த்ததற்கான அடையாளங்கள் உண்டு என்று கருதுகிறார்கள். இனி நம்முடைய இராவணன் கதை வேறு. சமவெளியின் ஓரத்தில் 2,357 மீட்டர் உயரத்தில் நிற்கிற தொட்டுபொல மலைதான் அவனுடைய புஷ்பக விமானம் இறங்கிய துறை என்பது அந்தப் பக்கத்து ஐதிகம். அதை வரலாறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மலைக்குக் கதை இருக்கிறதென்றால், கதை சொன்ன ஆட்களும் அங்கே இருந்திருக்கிறார்கள்.

பேக்கருக்குப் பிறகு கோப்பி 1869இல் இலை நோய் கண்டு அழியத் தொடங்கி, தேயிலை வந்தது. மலைக்காடு வேகமாக மொட்டையாகிக்கொண்டிருந்த நேரம். 1873இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் தலைவர் சேர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாமல் விடும்படி ஆலோசனை சொன்னார். தண்ணீரை நினைத்துச் சொன்ன ஆலோசனை அது. அப்படிச் சொல்லியிராவிட்டால் ஹோட்டன் சமவெளியும் இன்றைக்கு ஒரு தேயிலைத் தோட்டம்தான். அருவியும் ஏதோ ஒரு டிவிஷன் ஓடையாக இருந்திருக்கும். ஒரு வெள்ளைக்காரர் பெயரை அந்த இடத்தில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், என் வோட்டு ஹூக்கருக்கு.

1885இல் நானுஓயாவரை வந்த ரயில் பாதை, பட்டிப்பொலவின் உச்சியைத் தாண்டி 1893இல் ஹப்புத்தளையை எட்டியது. ஒஹிய வழியாகச் சமவெளிக்கு ஏறுவது அதன்பின் லேசாயிற்று. யாருக்கு லேசு என்பது வேறு விஷயம். தோமஸ் பார் என்ற தோட்டத்துரை கட்டிய வேட்டை விடுதி ‘பார் இன்’ என்ற பெயரில் பிறகு தங்குவிடுதியானது. இன்று அது பார்வையாளர் நிலையம். என் நண்பனுடைய தாத்தா பெட்டி சுமந்தது அந்த வேட்டைக் காலத்தின் கடைசிப் பகுதியில்.

பேக்கர் கதை இலங்கையோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இங்கிருந்து போன ஆள் ஆப்பிரிக்காவுக்குப் போனார். 1864 மார்ச்சில் ஒரு பெரிய ஏரியைக் கண்டு, அரசியாரின் காலஞ்சென்ற கணவர் பெயரால் ஆல்பர்ட் என்று பெயரிட்டார். சில வாரங்களில், நைல் நதி ஒரு குறுகிய பாறை இடுக்கில் நெருக்கிக்கொண்டு பாய்கிற நீர்வீழ்ச்சியைக் கண்டு, லண்டன் புவியியல் சங்கத் தலைவர் மர்ச்சிசனின் பெயரை அதற்கு வைத்தார். மர்ச்சிசன் அந்த அருவியைக் கண்ணால் கண்டவரல்லர். இங்கே தன் பெயர் ஒரு அருவியில். அங்கே தான் பெயர் வைத்த ஒரு அருவி. இரண்டுமே பிற்பாடு தேசிய பூங்காக்களுக்குள் வந்துவிட்டன.

அங்கே நடந்ததுதான் இங்கே நடக்காதது. எகிப்திய அரசின் சார்பில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போன பேக்கர், 1872இல் அந்த நாட்டைத் தம் எசமானுக்குச் சொந்தமாக்கப் பார்த்தார். புன்யோரோ மன்னன் காபலேகா எதிர்த்து நின்றான். மசிந்தியில் சண்டை மூண்டு, ஊர் எரிந்து, கடைசியில் பேக்கர் பின்வாங்கினார். காபலேகா பின்னாளில் பிரிட்டிஷாரோடும் வருஷக்கணக்காகப் போரிட்டு, 1899இல் பிடிபட்டு, சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டான். 1923இல் விடுதலையாகி வீட்டுக்கு வரும் வழியில், ஊர் போய்ச் சேராமலே இறந்தான். உகண்டாவில் இடி அமீன் ஆண்ட 1970களில் மர்ச்சிசன் நீர்வீழ்ச்சிக்கு அந்த மன்னனின் பெயர் சூட்டப்பட்டது. 1979இல் அமீன் விழுந்தபின் பழைய பெயரே திரும்பி வந்துவிட்டது. வைத்தவன் கொடுங்கோலன் என்பதால் காபலேகாவின் பெயரும் சேர்ந்து போய்விட்டது, பாவம்.

இதைப் படித்தபின் எனக்குப் பெயர் மாற்றும் ஆசையெல்லாம் விட்டுப்போயிற்று. பேக்கர் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பெயரைக் கேட்டு ஒரு மாணவனாவது “அவர் யார்?” என்று கேட்டால் நல்லதுதான். ஆனால் பலகையில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. மகா எலிய என்ற பெயருக்கு ஒரு வரி. பெட்டி சுமந்து போனவர்களுக்கு ஒரு வரி.

தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்தச் சமவெளியிலிருந்து நீர் போகிறது. பேக்கர் நீர்வீழ்ச்சியில் விழுகிற தண்ணீர் பெலிஹுல் ஓயா வழியே இறங்கி, சமனலவெவ நீர்த்தேக்கத்தில் சேர்ந்து மின்சாரமாகி, வளவையில் கலந்து தெற்கே வயலுக்குப் போகிறது. மழை பெய்யாத நாளிலும் அங்குள்ள குட்டை மரங்களின் இலையும் பாசியும் மூடுபனியிலிருந்து ஈரத்தைப் பிடித்து மண்ணுக்குச் சொட்டவிடுகின்றன. 1969இல் சரணாலயமாகி, 1988இல் தேசிய பூங்காவாகி, 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்த இடம் இது. என்றாலும், காட்டின் சில பகுதிகளில் கீன முதலிய மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன. பேக்கர் சுட்ட யானைகளின் வம்சம் 1940களோடு அங்கே இல்லாமல் போயிற்று. மரை மட்டும் இருக்கிறது. பார் இன் முற்றத்தில் வந்து நின்று உல்லாசப் பயணிகளின் பையை மோந்து பார்க்கிறது. கத்தியோடு துரத்திய மிருகத்துக்கு இப்போது பிஸ்கட் கொடுக்கக் கூடாது என்று அறிவித்தல் போட வேண்டியிருக்கிறது.

அந்த நண்பனைப் பற்றிக் கேட்பீர்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தில் நாடற்றவர்களான நம்மவரை, 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்களே. விட்டுப்போன ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அவன் குடும்பம் இந்தியப் பக்கத்தில் விழுந்தது. உயர்தரப் பரீட்சை எழுதுமுன்பே தலைமன்னாருக்குப் போகிற கோச்சியில் ஏறினான். ஒப்பாரிக் கோச்சி என்று அந்த ரயிலுக்குச் சனங்கள் வைத்த பெயரை எந்தப் பலகையிலும் எழுத வேண்டியிருக்கவில்லை. மண்டபம் முகாமுக்குப் போய், பிறகு நீலகிரியில் கூடலூர்ப் பக்கம், அங்கேயும் தேயிலைதான்.

பல வருஷம் கடிதப் போக்குவரத்து விட்டுவிட்டு நடந்தது. 2011இல் ஒன்று வந்தது. பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் பயணத்தைச் சொன்னானாம். அந்தக் குடும்பத்தில் அருவியைக் கண்ணால் பார்த்தவன் அவன் ஒருவன்தான். பிள்ளைகள் நம்பவில்லையாம். “அந்த வளைவுலயே சத்தம் கேக்குமே, இன்னும் கேக்குதாடா? போனா பாத்து எழுது” என்று இருந்தது.

அந்த வருஷமே போனேன். வாசலில் பைகளைத் திறந்து பொலித்தீனையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அருவிக்கு இறங்கப் படியும் கைபிடியும் போட்டிருந்தார்கள், குளிக்கத் தடை. என் வயதுக்கு அந்தப் படியே போதும் போதுமென்றாகிவிட்டது. உலக முடிவில் இந்தத் தடவையும் பனிதான். திரும்பும்போது வளைவில் நின்று கேட்டேன். வீட்டுக்கு வந்து, கேட்கிறது, வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே கேட்கிறது என்று அவனுக்கு எழுதிப் போட்டேன்.